மைதானத்துக்கு வெளியேதான் பெருங்கூட்டம்!

பர்மிங்காமில் 40,000 பேர், அகமதாபாத்தில் ஒரு லட்சத்துக்கு மேல். ராக் கச்சேரிக்கு டிக்கெட் கிடைத்தவர்கள் இவ்வளவுதான். மீதி லட்சக்கணக்கான ரசிகர்கள் செல்போனிலும் டி.வி-யிலும் பார்க்கிறார்கள். அவர்களை யார் கணக்கில் வைக்கிறார்கள்?

2025 ஜூலை 5, சனிக்கிழமை இரவு. இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் வில்லா பார்க் கால்பந்து மைதானம் நிரம்பி வழிகிறது. மேடையின் அடியிலிருந்து ஒரு கறுப்புச் சிம்மாசனம் மெல்ல மேலே எழுகிறது. அதில் உட்கார்ந்திருப்பவருக்கு வயது 76. பார்க்கின்சன் நோய் அவரை நிற்க விடவில்லை. ஆனால், மைக் கைக்கு வந்ததும் கண்களை அகல விரித்து, கைகளைத் தட்டிக் கூட்டத்தை உசுப்புகிறார். அவர்தான் ஓஸி ஆஸ்பர்ன். ஹெவி மெட்டல் இசைக்கு உயிர் கொடுத்தவர்களில் ஒருவர். இந்த மைதானத்தை ஒட்டிய ஆஸ்டன் பகுதியில், தொழிலாளர் குடும்பத்தில் வளர்ந்தவர். கடைசிக் கச்சேரியைச் சொந்த ஊரிலேயே பாட வந்திருக்கிறார்.

முதலில் அவருடைய தனிப் பாடல்கள். அடுத்து டோனி அயோமி, கீஸர் பட்லர், பில் வார்ட் மூவரும் வந்து சேர்கிறார்கள். பிளாக் சபாத் குழுவைத் தொடங்கிய நால்வரும் ஒரே மேடையில் நின்று 20 ஆண்டுகள் ஆகியிருந்தன. நான்கே பாட்டு. 'பாரனாய்ட்' பாடி முடித்ததும் வாணவேடிக்கை. அழுதபடியும் பாடியபடியும் கூட்டம் கலைகிறது.

அந்த நேரத்தில், கட்டணம் கட்டி இணையத்தில் பார்த்துக்கொண்டிருந்த உலகத்துக்கு ஓஸி இன்னும் மேடைக்கே வரவில்லை. ஒளிபரப்பை இரண்டு மணி நேரம் தள்ளி வைத்திருந்தார்கள். இந்தியாவில் அந்தச் சிம்மாசனம் திரையில் தெரிந்தபோது ஞாயிறு அதிகாலை ஆகிவிட்டது. இணையத்தில் பார்த்தவர்கள் 58 லட்சம் பேர் என்று கணக்கு வெளியானது. மைதானத்தில் ஒருவர் என்றால் வெளியே சுமார் 145 பேர்.

பதினேழு நாள் கழித்து, ஜூலை 22 அன்று ஓஸி காலமானார். அவர் கடைசியாகப் பாடியதைப் பார்த்தவர்களில் மிகப் பெரும்பாலோர் வில்லா பார்க்கில் கால் வைக்காதவர்கள். அவர்களை 'நேரில் வர முடியாமல் போனவர்கள்' என்று ஒரு ஓரமாக ஒதுக்கிவிட முடியுமா? பெரிய ராக் கச்சேரியின் பெருங்கூட்டம் இப்போது அவர்கள்தான். விலை, நேரம், படம், ஒலி என்று எல்லாவற்றிலும் அவர்களை மனதில் வைத்துத் திட்டமிட வேண்டிய காலம் வந்துவிட்டது.

1.3 கோடிப் பேர் நின்ற வரிசை

இந்தியாவுக்கு இந்த உண்மை உறைத்தது பிரிட்டன் ராக் குழுவான கோல்ட்ப்ளே வந்தபோது. 2024 செப்டம்பர் 22 அன்று நவி மும்பை டி.ஒய்.பாட்டீல் மைதானக் கச்சேரிக்கு டிக்கெட் விற்பனை தொடங்கியது. புக்மைஷோ தளத்துக்குள் அன்று நுழைந்தவர்கள் 1.3 கோடிக்கும் மேல். லட்சக்கணக்கானோருக்குப் பின்னால் நிற்கிறீர்கள் என்று திரை காட்ட, ரசிகர்கள் செல்போனைக் கையைவிட்டு இறக்காமல் மணிக்கணக்கில் காத்திருந்தார்கள். 2,500 ரூபாயில் தொடங்கிய டிக்கெட்டுகள் சற்று நேரத்தில் தீர்ந்தன. அதே டிக்கெட்டுகள் மறுவிற்பனைத் தளங்களில் லட்ச ரூபாய் விலையோடு முளைத்தன. புகார்கள் குவிந்தன. மும்பை காவல் துறையின் பொருளாதாரக் குற்றப் பிரிவு விசாரித்தது. அமலாக்கத் துறை சோதனை நடத்தியது.

மும்பையில் மூன்றாவது நாள் சேர்த்தார்கள். போதவில்லை. அகமதாபாத் நரேந்திர மோடி மைதானத்தில் 2025 ஜனவரி 25, 26 என இரண்டு நாள் சேர்த்தார்கள். உலகின் மிகப்பெரிய கிரிக்கெட் மைதானம் அது. மும்பையிலிருந்து சிறப்பு ரயில்கள் விடப்பட்டன. அகமதாபாத் ஹோட்டல் அறைகளின் வாடகை எகிறியது. இரண்டு இரவும் மைதானத்தில் தலா ஒரு லட்சத்துக்கு மேல் கூட்டம். அப்படியும் அந்த 1.3 கோடியில் மிகச் சிறு பங்குக்குத்தான் இடம் கிடைத்தது.

மீதிப் பேருக்குக் கதவு திறந்தது குடியரசு தினத்தன்று. 26-ம் தேதிக் கச்சேரியை டிஸ்னி ப்ளஸ் ஹாட்ஸ்டார் நேரலையாகத் தந்தது. பாடகர் கிறிஸ் மார்ட்டின் அன்று 'வந்தே மாதரம்' பாடினார், ஏ.ஆர்.ரஹ்மானின் 'மா துஜே சலாம்' பாட்டையும் பாடினார். 2016-ல் மும்பை குளோபல் சிட்டிசன் விழாவில் கோல்ட்ப்ளே மேடையில் ரஹ்மானே வந்து கலந்துகொண்டது ரசிகர்களுக்கு நினைவிருக்கும். கிரிக்கெட் வீரர் ஜஸ்ப்ரீத் பும்ரா கூட்டத்தில் இருந்தது திரையில் தெரிந்ததும் மைதானம் அதிர்ந்தது. வீட்டில் பார்த்தவர்களுக்கும் அதே நொடி கிடைத்தது.

அந்த நேரலையை 83 லட்சம் முறை திறந்து பார்த்ததாகவும், மொத்தப் பார்வை நேரம் 16.5 கோடி நிமிடம் என்றும் ஹாட்ஸ்டார் அறிவித்தது. இரண்டு எண்களையும் வகுத்துப் பாருங்கள். ஒரு தடவைக்குச் சராசரி 20 நிமிடம். முழுக் கச்சேரியும் பார்த்தவர்கள் இருக்கிறார்கள்; ஒரு பாட்டுக்கு எட்டிப் பார்த்துவிட்டுப் போனவர்களும் இருக்கிறார்கள். நேரலை எண்ணிக்கையைக் கேட்கும்போதெல்லாம் இந்தப் பார்வை நேரக் கணக்கையும் கேட்க வேண்டும்.

டிக்கெட் கையில் இருந்தும் வெளியே நின்ற கதை சென்னைக்கும் தெரியும். 2023 செப்டம்பர் 10 அன்று கிழக்குக் கடற்கரைச் சாலை பனையூரில் நடந்த ரஹ்மானின் 'மறக்குமா நெஞ்சம்' நிகழ்ச்சியில் கூட்டம் அளவு மீறியது. டிக்கெட் வாங்கிய பலர் உள்ளே போக முடியாமல் குழந்தைகளோடு திரும்பினார்கள். ரஹ்மான் வருத்தம் தெரிவித்தார். மைதானத்தின் கொள்ளளவைத் தாண்டிய ஆசையை வாசலில் குவிய விட்டால் என்ன ஆகும் என்று அந்த இரவு காட்டியது.

பெட்டிச் செய்தி 1: தபால்தலைப் படத்திலிருந்து மைதானம் வரை

* 1985 ஜூலை 13: லைவ் எய்ட். லண்டன் வெம்ப்லி, ஃபிலடெல்ஃபியா ஜே.எஃப்.கே என இரண்டு மைதானங்கள். செயற்கைக்கோள் வழியே டி.வி-யில் உலகமே பார்த்தது. இணைய நேரலை கனவில்கூட இல்லாத காலம்.
* 1993 ஜூன் 24: கலிஃபோர்னியாவின் ஜெராக்ஸ் ஆய்வுக்கூடத்தில் 'சிவியர் டயர் டேமேஜ்' என்ற குழு இணையத்தில் நேரடியாக வாசித்தது. உறுப்பினர்கள் கணினிப் பொறியாளர்கள். தபால்தலை அளவுப் படம், விட்டுவிட்டு அசைந்தது.
* 1994 நவம்பர் 18: டல்லஸ் காட்டன் பவுல் மைதானத்திலிருந்து ரோலிங் ஸ்டோன்ஸ் கச்சேரியின் சுமார் 20 நிமிடம் இணையத்தில் வந்தது. அதே இணைய வழியில் அவர்களுக்கு முன்னால் வாசித்தது நம் பொறியாளர் குழு!
* 2005 ஜூலை 2: லைவ் 8. ஏஓஎல் தளம் பல நகர மேடைகளைத் தனித்தனியாகத் தந்தது.
* 2009 அக்டோபர் 25: கலிஃபோர்னியா ரோஸ் பவுல் மைதானத்திலிருந்து யு2 குழுவின் முழுக் கச்சேரி யூடியூபில். மைதானத்தில் 97,000 பேர். இணையத்தில் ஏறக்குறைய 1 கோடி முறை பார்க்கப்பட்டது.
* 2020 ஜூன் 14: ஊரடங்குக் காலம். கொரியாவின் பிடிஎஸ் குழு இணையத்துக்கென்றே நடத்திய கச்சேரியை ஒரே நேரத்தில் 7.5 லட்சம் பேர் கட்டணம் கட்டிப் பார்த்தார்கள்.
* 2025 ஜூலை 5: வில்லா பார்க். ஓஸியின் விடைபெறும் கச்சேரி.

திங்கட்கிழமை காலை 9 மணிக்கு ஒரு ராக் கச்சேரி

2009-ல் நடந்த அந்த யு2 கச்சேரி கலிஃபோர்னியாவில் ஞாயிறு இரவு எட்டரைக்குத் தொடங்கியது. யூடியூப் முதலில் அறிவித்த நாடுகளில் இந்தியாவும் உண்டு. ஆனால், நமக்கு அது திங்கட்கிழமை காலை 9 மணி. வேலைக்குக் கிளம்பும் நேரம். அந்த நாளில் இந்தியாவில் நொடிக்கு 256 கிலோபிட் வேகம் இருந்தாலே 'பிராட்பேண்ட்' என்று அரசு ஒப்புக்கொண்டது. அந்த வேகத்தில் படம் பத்து நொடி ஓடும், அரை நிமிடம் நிற்கும். வட்டம் சுற்றுவதைப் பார்த்தபடி அடுத்த வரிக்குக் காத்திருந்தவர்கள்தான் நம் நாட்டின் தொடக்ககால இணையக் கச்சேரி ரசிகர்கள்.

2016 செப்டம்பரில் ஜியோ வந்த பிறகு டேட்டா விலை சரிந்தது. 2023 நவம்பர் 19 உலகக் கோப்பை கிரிக்கெட் இறுதிப் போட்டியை ஹாட்ஸ்டாரில் ஒரே நேரத்தில் 5.9 கோடிப் பேர் பார்த்தார்கள். அந்தச் சுமையைத் தாங்கிய குழாய் வழியேதான் ஓராண்டு கழித்துக் கோல்ட்ப்ளே வந்தது. கிரிக்கெட்டுக்காகப் போட்ட பாதை இசைக்கும் பயன்பட்டது.

ஆனாலும் டேட்டா எல்லோருக்கும் தாராளம் என்று நினைத்துவிடக் கூடாது. நல்ல தரத்தில் பார்த்தால் ஒரு மணி நேரத்துக்கு ஒன்றிலிருந்து மூன்று ஜிபி வரை செலவாகும். நம்மில் பலர் வைத்திருப்பது நாளுக்கு ஒன்றரை அல்லது இரண்டு ஜிபி திட்டம். கச்சேரி பாதியில் டேட்டா தீர்ந்துவிடும். அதற்குப் பயந்து படத்தின் தரத்தைக் குறைத்து, பாட்டை மட்டும் காதில் வாங்கிக்கொள்கிறவர்கள் ஏராளம். ஒலியை மட்டும் உயர் தரத்தில் தரும் ஒரு தனிப் பொத்தான் இருந்தால் அவர்களுக்கு எவ்வளவு உதவியாக இருக்கும்! பெரும்பாலான நேரலைகளில் அது இருப்பதில்லை.

பெட்டிச் செய்தி 2: மேடையிலிருந்து கைப்பேசி வரை

* மைதானத்தில் இருபது, முப்பது கேமராக்கள். எல்லாப் படங்களும் வெளியே நிற்கும் ஒளிபரப்பு வேனுக்கு வரும். எந்த நொடியில் எந்தப் படம் என்று இயக்குநர் அங்கே உட்கார்ந்து முடிவு செய்வார்.
* ஒலிக்குத் தனிக் குழு. ஒவ்வொரு வாத்தியத்தின் மைக்கும் நேரடியாக வரும். கூட்டத்தின் சத்தத்துக்கென்று தனி மைக்குகள் உண்டு. அதைச் சரியான அளவில் கலக்காவிட்டால் வீட்டில் கேட்பவருக்குக் கச்சேரி ஸ்டூடியோ ஒத்திகைபோல உயிரில்லாமல் கேட்கும்.
* ஒரே படத்தைப் பல தரங்களில் மாற்றி, சில நொடித் துண்டுகளாக வெட்டி, ஊர் ஊராக இருக்கும் சர்வர்களுக்கு அனுப்புவார்கள். உங்கள் இணைய வேகத்தைப் பார்த்துச் செல்போன் தனக்கேற்ற துண்டைக் கேட்டு வாங்கும்.
* இத்தனையும் நடக்க அரை நிமிடம்வரை ஆகலாம். 'லைவ்' என்று எழுதியிருந்தாலும் நாம் பார்ப்பது சற்று முன் நடந்ததைத்தான்.

கேலரியில் இருப்பவரும் பார்ப்பது திரையைத்தான்

"என்ன இருந்தாலும் நேரில் பார்ப்பதுபோல வருமா?" என்று கேட்பார்கள். வராதுதான். ஒரு லட்சம் பேர் ஒரே வரியைச் சேர்ந்து பாடும்போது நெஞ்சுக்கூட்டில் இறங்கும் அதிர்வை எந்த ஸ்பீக்கரும் வீட்டுக்குக் கொண்டுவராது. கோல்ட்ப்ளே கச்சேரியில் ஒவ்வொருவர் மணிக்கட்டிலும் ஒளிரும் பட்டை உண்டு. பாட்டுக்கேற்ப மைதானமே நிறம் மாறும். அதில் ஒரு புள்ளியாக இருப்பது தனி அனுபவம்.

ஆனால், மைதானத்தில் எந்த இடம் என்பதையும் கேட்க வேண்டும். மேல் அடுக்கில் கடைசி வரிசையில் இருப்பவருக்குப் பாடகர் விரல் நகம் அளவு. அவரும் பார்ப்பது மேடையின் இருபுறமும் உள்ள ராட்சதத் திரையைத்தான். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். மேடையிலிருந்து 100 மீட்டர் தள்ளி இருப்பவருக்குச் சத்தம் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு நொடி தாமதமாக வரும். அதைச் சரிக்கட்ட மைதானத்தின் நடுவில் ஸ்பீக்கர் கோபுரங்கள் நட்டு, அவற்றின் ஒலியைக் கணக்காகத் தாமதப்படுத்துகிறார்கள். கான்கிரீட் சுவரில் மோதித் திரும்பும் எதிரொலி வேறு. கிட்டாரிஸ்ட்டின் விரல் எந்தக் கம்பியில் போகிறது, ட்ரம்மர் எந்த இடத்தில் ஒரு தட்டு கூட்டினார் என்பதெல்லாம் நல்ல ஹெட்போனோடு வீட்டில் இருப்பவருக்குத்தான் தெளிவாகக் கிடைக்கும்.

வில்லா பார்க் இதற்கு நல்ல சாட்சி. டோனி அயோமி 17 வயதில் பர்மிங்காம் தொழிற்சாலையில் வலது கையின் இரண்டு விரல் நுனிகளை இழந்தவர். தானே செய்த உறைகளை விரல்களில் மாட்டிக்கொண்டு, கம்பிகளின் இறுக்கத்தைத் தளர்த்தி வாசிக்கப் பழகினார். அந்தத் தளர்வில் பிறந்த கனத்த ஓசைதான் பின்னால் ஒரு இசை வகைக்கே அடித்தளம் ஆனது. அந்த விரல்களை நெருக்கத்தில் பார்க்கும் வாய்ப்பு வீட்டில் இருந்த லட்சக்கணக்கானோருக்குக் கிடைத்தது.

யார் கண்ணால் பார்க்கிறோம்?

இந்த நெருக்கத்துக்கு ஒரு விலை உண்டு. மைதானத்தில் இருப்பவர் தான் விரும்பிய பக்கம் திரும்பலாம். வீட்டில் இருப்பவர் இயக்குநர் காட்டுவதை மட்டுமே பார்க்கிறார்.

2005-ல் லைவ் 8 நடந்தபோது பிங்க் ஃப்ளாய்ட் குழுவின் நால்வரும் 24 ஆண்டுகளுக்குப் பிறகு ஒன்றாக வாசித்தார்கள். அமெரிக்காவின் எம்டிவி அவர்கள் பாட்டுக்கு நடுவிலேயே தொகுப்பாளர்கள் பேச்சை நுழைத்தது. ரசிகர்கள் கொதித்துப்போனார்கள். அதே கச்சேரியை ஏஓஎல் தளத்தில் பார்த்தவர்களுக்கு வெட்டில்லாமல் கிடைத்தது. டி.வி-யைவிட இணையம் ரசிகனை அதிகம் மதிக்க முடியும் என்பது முதன்முதலாகப் பெரிய அளவில் தெரிந்தது அன்றுதான்.

2020-ல் பிடிஎஸ் ஒரு படி மேலே போனது. ஆறு கேமராக் கோணங்களைத் தந்து, பிடித்ததைப் பார்வையாளரே தேர்ந்தெடுக்க விட்டது. ஊரடங்கு கற்றுக்கொடுத்த இந்தப் பாடத்தை மைதானக் கச்சேரிகள் இன்னும் முழுதாக எடுத்துக்கொள்ளவில்லை.

வில்லா பார்க்கின் இரண்டு மணி நேரத் தாமதத்தை எப்படிப் பார்ப்பது? உடல் தளர்ந்த ஒரு பெரியவர் மேடையில் என்ன ஆவாரோ என்ற கவலை நியாயமானது. அவருடைய கண்ணியத்துக்கு அந்த இடைவெளி ஒரு பாதுகாப்பு. அதை முன்கூட்டியே வெளிப்படையாகச் சொன்னதும் சரி. ஆனால், காசு கட்டிய ரசிகர் அந்த இரண்டு மணி நேரமும் சமூக வலைதளத்தைத் திறக்க முடியாது. திறந்தால் முடிவு முன்னால் வந்து நிற்கும். உடல்நிலை போன்ற தக்க காரணம் இல்லாத கச்சேரிகளுக்கு இந்தத் தாமதம் வழக்கமாகிவிடக் கூடாது.

திரை காட்டாமல் விடுவது சில நேரம் உயிர் சம்பந்தப்பட்டது. 2021 நவம்பர் 5 அன்று அமெரிக்காவின் ஹூஸ்டனில் ராப் பாடகர் டிராவிஸ் ஸ்காட்டின் ஆஸ்ட்ரோவேர்ல்ட் நிகழ்ச்சி ஆப்பிள் மியூசிக்கில் நேரலையாக வந்தது. கூட்டத்தில் நசுங்கி 10 பேர் இறந்தார்கள். பெரும் விபத்து என்று அதிகாரிகள் அறிவித்த பிறகும் அரை மணி நேரத்துக்கு மேல் மேடை ஓடியது. கூட்டத்தின் மேல் இத்தனை கேமராக்கள் பறக்கின்றன. மூச்சுத் திணறலையும் தள்ளுமுள்ளையும் முதலில் கவனிக்க வேண்டியவர்களில் ஒளிபரப்பு வேனில் உட்கார்ந்திருப்பவர்களும் உண்டு. ஆபத்து தெரிந்தால் உடனே யாரிடம் சொல்வது, யார் மேடையை நிறுத்துவது என்பது ஒவ்வொரு ஒளிபரப்பு ஒப்பந்தத்திலும் எழுதப்பட வேண்டும்.

கேமரா கூட்டத்தின் பக்கம் திரும்பும்போது இன்னொரு சிக்கல். 2025 ஜூலையில் பாஸ்டன் அருகே கோல்ட்ப்ளே கச்சேரியில் மைதானத் திரையில் சில நொடி காட்டப்பட்ட இருவர், மறுநாள் உலகம் முழுக்கக் கேலிக்கு ஆளானார்கள். வேலை போனது, குடும்பங்கள் அவதிப்பட்டன. கச்சேரிக்கு டிக்கெட் வாங்கியவர் உலகத்தின் தீர்ப்புக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போடவில்லை. நேரலை எடுப்பவர்களுக்கும், பார்த்துப் பகிரும் நமக்கும் இதில் பொறுப்பு உண்டு.

நேரலை தந்தால் டிக்கெட் விற்காதா?

பல இசைக்குழுக்களின் பயம் இதுதான். இலவசமாக வீட்டிலேயே பார்த்துவிட்டால் மைதானத்துக்கு யார் வருவார்கள்?

யு2 குழுவின் அனுபவம் பதில் சொல்கிறது. சுற்றுப்பயணத்தின் முதல் ஆண்டிலேயே ஒரு முழுக் கச்சேரியை யூடியூபில் இலவசமாகத் தந்தார்கள். சுமார் 50 மீட்டர் உயர நான்கு கால் மேடை, அதன் நடுவட்டத் திரை என எல்லா ரகசியமும் உலகத்துக்குத் தெரிந்துவிட்டது. அதன் பிறகும் 2011 வரை அந்தச் சுற்றுப்பயணம் ஓடியது. மொத்தம் 70 லட்சத்துக்கு மேல் டிக்கெட் விற்று, 73 கோடி டாலருக்கு மேல் வசூல் செய்தது. அந்த வசூல் சாதனை 2019-ல்தான் பாடகர் எட் ஷீரனால் முறியடிக்கப்பட்டது. அதே ரோஸ் பவுல் கச்சேரி 2010-ல் டிவிடி-யாகவும் வெளிவந்தது. பார்த்தவர்களுக்குப் பசி கூடியதே தவிர அடங்கவில்லை.

மைதான டிக்கெட்டோ சாதாரண ரசிகரின் கைக்கு எட்டாத இடத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறது. 2024 ஆகஸ்ட் இறுதியில் ஓயாசிஸ் குழு மீண்டும் இணைந்து நடத்தும் கச்சேரிகளுக்கு டிக்கெட் விற்றபோது, 150 பவுண்டு அளவில் இருந்த நிற்கும் இடம் தேவை கூடக் கூட 350 பவுண்டைத் தாண்டியது. மணிக்கணக்கில் வரிசையில் நின்று முன்னால் வந்தவர்கள் விலையைப் பார்த்துத் திகைத்தார்கள். பிரிட்டன் அரசின் போட்டி ஒழுங்குமுறை அமைப்பு விசாரணையில் இறங்கியது. மான்செஸ்டர் நகரின் தொழிலாளர் குடும்பங்களிலிருந்து வந்த ஒரு குழுவின் பாட்டை அந்தக் குடும்பங்களே விலை கொடுத்துக் கேட்க முடியாத நிலை மனதை வலிக்கச் செய்கிறது.

அதிகாரபூர்வக் கதவு மூடினால் ரசிகர்களே திறக்கிறார்கள்

2025 ஜூலை 4 அன்று கார்டிஃப் நகரில் ஓயாசிஸ் மேடையேறியபோது அதிகாரபூர்வ நேரலை இல்லை. ஆனாலும் உலகம் பார்த்தது. மைதானத்தில் இருந்த ரசிகர்கள் டிக்டாக்கில் தங்கள் செல்போன் வழியே நேரலை கொடுத்தார்கள். பாடகி டெய்லர் ஸ்விஃப்ட்டின் ஈராஸ் சுற்றுப்பயணத்தில் 2023 மார்ச் முதல் 2024 டிசம்பர் வரை 149 இரவுகள் இப்படித்தான் கடந்தன. ஒவ்வொரு இரவும் இரண்டு எதிர்பாராத பாடல்கள் பாடுவார். அவை எவை என்று தெரிந்துகொள்ள, மங்கலான, நடுங்கும் படத்தை ஆயிரக்கணக்கானோர் கண் கொட்டாமல் பார்த்தார்கள்.

மூன்று மணி நேரம் கையைத் தூக்கிப் பிடித்து, தான் முழுதாக ரசிக்க முடியாமல், முகம் தெரியாதவர்களுக்காக ஒரு ரசிகர் படம் எடுக்கிறார் என்றால், அதில் உள்ள அன்பை மதிக்கத்தான் வேண்டும். ஆனால், பின்னால் நிற்பவருக்கு அந்தக் கை மேடையை மறைக்கிறது. பாடலாசிரியருக்கும் வாத்தியக்காரருக்கும் அதில் ஒரு காசும் போவதில்லை. 'இங்கே இலவச நேரலை' என்று போலி இணைப்பு கொடுத்து வங்கி விவரம் பறிப்பவர்களும் இந்த நேரம் பார்த்துத்தான் கடை விரிக்கிறார்கள். முறையான நேரலை நியாயமான விலையில் இருந்தால் இந்த மூன்று சிக்கலும் பெருமளவு குறையும்.

படியேற முடியாதவர்கள்

நேரலை யாருக்கு மிகவும் தேவை என்று யோசித்தால், டிக்கெட் தவறவிட்டவர்களைத் தாண்டி ஒரு பெரிய கூட்டம் தெரியும். சக்கர நாற்காலியில் இருப்பவர்கள். கூட்டமும் வெளிச்சமும் ஒத்துக்கொள்ளாதவர்கள். கைக்குழந்தை உள்ள தாய்மார்கள். இரவு 11 மணிக்கு மேல் வெளியூரிலிருந்து தனியாகத் திரும்ப வீட்டில் அனுமதி கிடைக்காத பெண்கள். இருபது வயதில் கேட்ட பாட்டை அறுபது வயதில் மூட்டு வலியோடு கேட்பவர்கள். ராக் இசைக்கு வயதாகிவிட்டது. அதன் முதல் தலைமுறை ரசிகர்களுக்கும் வயதாகிவிட்டது. மேடையில் ஓஸி சிம்மாசனத்தில் உட்கார்ந்து பாடினார் என்றால், வீட்டில் அவரைப்போலவே எழ முடியாத எத்தனையோ பேர் உட்கார்ந்தபடி கேட்டிருப்பார்கள். அந்தக் கச்சேரியின் வருமானம் பார்க்கின்சன் ஆய்வு அமைப்புக்கும் குழந்தைகள் மருத்துவமனைக்கும் போகும் என்று அறிவித்துத்தான் நடத்தினார்கள். ஜூலை 30 அன்று பர்மிங்காம் வீதியில் நடந்த அவருடைய இறுதி ஊர்வலமும் இணையத்தில் நேரலையாக வந்தது.

கோல்ட்ப்ளே தன் சுற்றுப்பயணத்தில் செவித்திறன் குறைந்த ரசிகர்களுக்குத் தாளத்தை உடலில் உணர்த்தும் அதிர்வு அங்கிகளையும், சைகை மொழியாளர்களையும் ஏற்பாடு செய்தது. மைதானத்தில் செய்ய முடிந்த இதைத் திரையில் செய்வது இன்னும் எளிது. பாடல் வரிகளைக் கீழே ஓடவிடலாம்; சைகை மொழிக்கு ஒரு சிறு கட்டம் ஒதுக்கலாம். செலவு மிகக் குறைவு, மனம்தான் வேண்டும்.

பெட்டிச் செய்தி 3: ரசிகர்கள் கேட்க வேண்டியவை

* டிக்கெட் விற்பனை நாளிலேயே நேரலை உண்டா இல்லையா என்ற அறிவிப்பு. தெரிந்தால் பலர் பிளாக்கில் வாங்க ஓடமாட்டார்கள்.
* நாட்டின் வருமானத்துக்கேற்ற கட்டணம். லண்டன் விலையைத் திருச்சியில் வசூலிக்கக் கூடாது.
* நேரடியா, தாமதமா, எவ்வளவு தாமதம் என்பது வாங்கும் முன்பே தெளிவாகத் தெரிய வேண்டும்.
* குறைந்தது ஒரு வாரம் மறுபடி பார்க்கும் வசதி. நமக்கு விடியற்காலையிலும் வேலை நேரத்திலும் வரும் கச்சேரிகளுக்கு இது அவசியம்.
* குறைந்த டேட்டாவில் நல்ல ஒலி தரும் தேர்வு.
* பாடல் வரிகள், சைகை மொழி.
* வருமானத்தில் இசைக்கலைஞர்கள், பாடலாசிரியர்கள், மேடைத் தொழிலாளர்கள் பங்கு என்ன என்ற வெளிப்படையான கணக்கு.

இனி எப்படி?

இன்று நேரலை என்பது ஏற்பாட்டாளர் மனம் வைத்தால் கிடைக்கும் சலுகை. கோல்ட்ப்ளே ஐந்து இரவுகளில் ஒன்றைத் தந்தது. ஓயாசிஸ் முதல் இரவில் தரவில்லை. ஒரே நாட்டில், ஒரே ஆண்டில்கூட ரசிகருக்கு என்ன கிடைக்கும் என்பது கடைசி வாரம்வரை தெரிவதில்லை. சுற்றுப்பயணத்தில் எல்லா இரவையும் ஒளிபரப்ப வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. ஒரு நாட்டுக்கு ஓர் இரவாவது எல்லோருக்கும் உரியதாக இருக்கட்டும். அது பிற்காலத்துக்கு ஆவணமாகவும் நிற்கும்.

ஏற்பாட்டாளர்களுக்கும் இதில் லாபம் உண்டு. 1.3 கோடிப் பேர் வரிசையில் நின்றால், அவர்களில் பத்தில் ஒருவர் ஒரு சினிமா டிக்கெட் விலை கொடுத்தாலே போதும். அந்தத் தொகை கறுப்புச் சந்தைக்காரர் கைக்குப் போவதைவிடக் கலைஞர் கைக்குப் போவது நல்லது. இடம் கிடைக்காதவர் ஏமாற்றத்தோடு திரும்பாமல் பார்வையாளராக மாறுகிறார். வாசலில் நெரிசல் குறைகிறது.

ஆகவே, அடுத்த பெரிய கச்சேரி அறிவிப்பு வந்ததும் "டிக்கெட் எவ்வளவு?" என்று கேட்கும் அதே மூச்சில் "நேரலை உண்டா? எந்தத் தளத்தில்? எத்தனை நாள் இருக்கும்?" என்றும் கேட்போம். இசைக்குழுவின் பக்கத்தில் கேட்போம். விற்கும் தளத்திடம் கேட்போம். 2005-ல் பாட்டின் நடுவில் பேசிய டி.வி-க்கு எதிராகக் கொதித்தவர்களும் சாதாரண ரசிகர்கள்தான். அவர்கள் குரலுக்குப் பணிந்து, அடுத்த வாரமே எம்டிவி அந்தக் கச்சேரியை இடைவெட்டில்லாமல் மறுஒளிபரப்பு செய்தது. எண்ணிக்கையில் நாம்தான் அதிகம். அந்த எண்ணிக்கையை உரிமையாக மாற்றுவது நம் கையில் இருக்கிறது.